பச்சையும் பழமும்

11 பிப்ரவரி 2025, செவ்வாய்

மதுரையில் ரயில்வே மெடிக்கல். புள்ளி புள்ளியாக அச்சடித்த புத்தகத்தை நீட்டி, உள்ளே என்ன எண் தெரிகிறது என்றார்கள். எண்ணா? எனக்குப் புள்ளிதான் தெரிந்தது. பக்கம் பக்கமாகப் புரட்டியும் புள்ளிதான். "தம்பி, உங்களுக்குச் சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியல. பிறவியிலேயே இப்படித்தான். சிக்னல் பாக்குற வேலை குடுக்க முடியாது," என்றார் டாக்டர். இன்ஜின் ஓட்டவேண்டும் என்று மூன்று வருஷம் படித்தவன் நான். எழுத்துத் தேர்வெல்லாம் தேறிவிட்டேன். ஐந்தே நிமிஷத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

பஸ்ஸில் எங்கள் ஊர் பாலவனத்தம் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன்.

12 பிப்ரவரி

காலையிலிருந்து ஒரே கேள்வி. அப்போ நான் வாங்கின அடியெல்லாம்?

நாலாம் வகுப்பிலிருந்து மாசி மாதமானால் எங்கள் மிளகாய்க் காட்டில் பழம் பறிக்கப் போவேன். சிவந்த பழத்தை மட்டும் பறிக்க வேண்டும். பச்சையில் பறித்தால் காயும்போது வெளுத்துவிடும், வியாபாரி ஒதுக்கிவிடுவார். என் சாக்கைக் கொட்டினால் பாதி பச்சையாக இருக்கும். அப்பா அங்கேயே ஒரு குச்சியை ஒடிப்பார். "கிளிக்குக்கூட எது பழம்னு தெரியுது. வேலைக்கு வளையாத ஒனக்குத் தெரியலையா?" நான் வேண்டுமென்றே செய்கிறேன் என்பது அவர் முடிவு. கூத்து என்னவென்றால் நானும் அதை நம்பினேன். பத்து வயதுப் பயல், எனக்குள் ஏதோ திமிர் இருக்கிறது, அதுதான் இப்படிச் செய்ய வைக்கிறது என்று நம்பினேன். அதை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

14 பிப்ரவரி

அப்பாவிடம் சொன்னேன். "ஒழுங்காப் படிக்காம ஊர் சுத்திட்டு, இப்பக் கண்ணு மேல பழியப் போடுறியா? வேற டாக்டரப் பாரு."

மனுஷனா இவரு?

19 பிப்ரவரி

இதைப் பற்றிப் போனில் தேடித் தேடிப் படித்தேன். நாய்க்கும் மாட்டுக்கும்கூடச் சிவப்பு தெரியாதாம். காளைக்கு முன்னால் சிவப்புத் துண்டை ஆட்டினால், அது துண்டு ஆடுவதைப் பார்த்துத்தான் பாய்கிறதாம். பறவைக்கோ நம்மைவிட அதிக நிறம் தெரியுமாம். மிளகாய் தின்றால் காரமும் தெரியாதாம். ஆக, கிளியோடு என்னை ஒப்பிட்டதே தப்பு.

எங்கள் வீட்டு நாய்க்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே கண். அதை யாரும் மிளகாய் பறிக்க அனுப்பவில்லை, குச்சி ஒடித்து அடிக்கவும் இல்லை. கொடுத்துவைத்த நாய்.

2 மார்ச், ஞாயிறு

நரிக்குடியிலிருந்து வெள்ளத்துரை மாமா வந்தார். அம்மாவின் தம்பி. எனக்கு வேலை கிடைக்காமல் போன கதையைக் கேட்டுவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்: "இதுக்கா மாப்ள மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? எனக்கும் பச்சையும் செவப்பும் ஒண்ணுதேன். சின்னப்புள்ளையில அக்காதான் எஞ்சாக்க வாங்கி, எங்கய்யா பாக்குறதுக்குள்ள பச்சைய எல்லாம் பொறுக்கி எடுத்துரும்."

அக்கா என்றால் என் அம்மா.

அம்மா அடுப்படியில் இருந்தாள். கேட்டிருக்கும். வெளியே வரவே இல்லை.

3 மார்ச்

அப்பா டவுனுக்குப் போனதும் கேட்டேன். தெரியுமா, தெரியாதா?

"தெரியும்."

தம்பிக்குப் பொறுக்கி எடுத்தவள் பெற்ற பிள்ளைக்கு ஏன் செய்யவில்லை என்றேன். கத்தித்தான் கேட்டேன். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஒங்கப்பா கூடவே நின்னு பாப்பாக. நான் ஒஞ்சாக்கத் தொட்டா ஏன்னு கேப்பாக. சொன்னா, ஒங்க வம்சத்துக் கோளாற எம்புள்ளைக்குக் கொண்டாந்துட்டியேன்னு எனக்கு விழும். ஒனக்கா எனக்கான்னு இருந்துச்சு. பயந்துட்டேன்."

அப்பாவாவது தெரியாமல் அடித்தார். இவள் தெரிந்தே நின்று பார்த்தாள். இவளை எப்படி மன்னிக்கிறது? ஏன் மன்னிக்கணும்?

4 மார்ச்

பேசவில்லை.

13 மார்ச்

இன்றும் பேசவில்லை. சோறு போடுகிறாள், சாப்பிடுகிறேன். அவ்வளவுதான். அழுதாளா? இல்லை. என்ன நெஞ்சோ.

29 மார்ச், சனி

தங்கச்சி சத்யபிரியா ஹாஸ்டலிலிருந்து வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை. அம்மாவைப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள். "அண்ணே, அம்மாவுக்குக் கண்ணு ரெண்டும் செக்கச்செவேல்னு கெடக்கு. எத்தன நாளா அழுகுது? தெனமும் எதுத்தாப்புல ஒக்காந்து சாப்புடுற, ஒனக்குத் தெரியலையா?"

தெரியவில்லை.

அழுதால் கண் சிவக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். சும்மா பேச்சுக்குச் சொல்கிறார்கள் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அடி விழும்போதெல்லாம் அம்மா முகத்தைத்தான் பார்ப்பேன். ஒன்றுமே இருக்காது. நமக்காக ஒரு சொட்டுக்கூட விடமாட்டாளா என்று அடியைவிட அதற்குத்தான் அதிகம் அழுதிருக்கிறேன். அப்போதும் கண் சிவந்திருந்ததா? இனிமேல் யாரிடம் போய்க் கேட்க?

கோபம் போய்விட்டது என்று எழுத மாட்டேன், போகவில்லை. ஆனாலும் சாப்பிட உட்கார்ந்ததும் அவள் கண்ணை உற்றுப் பார்த்தேன். எனக்கு எப்போதும் போலத்தான் இருந்தது. பார்த்துத் தெரியாதென்றால் வாய்விட்டுத்தான் கேட்க வேண்டும். இருபத்தாறு நாளைக்கு அப்புறம் பேசினேன்.

"அழுதியாம்மா?"

"இல்லய்யா. மொளகா வத்தல் கிண்டுன கை, கண்ணுல பட்ருச்சு."

எங்கள் வத்தல் மூட்டைகள் லோடு ஏறிப் பத்து நாளாகிறது.