அரைச் சாண் தண்ணீர்

ஜூன் 3, செவ்வாய்

அண்ணன் ஜெர்வின் இன்றும் எங்கள் குதிரை மாதுளையை அடித்தான். தோப்புக்குப் போகிற வழியில் ஓடையில் முழங்கால் தண்ணீர். அவள் இறங்க மறுத்துத் திரும்பியதில் இவன் தண்ணீரில் விழுந்தான். சேத்தூர் பஸ்ஸிலிருந்து யாரோ சிரித்தார்களாம். அதற்கு அவள் முதுகில் நான்கு தடிப்பு.

“இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். தண்ணில எறங்கலைன்னா ஸ்ரீவில்லிபுத்தூர் பொன்னுராஜ் பிடிச்சிட்டுப் போயிருவாரு.”

பொன்னுராஜ் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுபவர். வெடி, பேண்டு. கதவு சாத்தினாலே உடம்பு உதறுகிறவள் அவள்.

அவளுக்குத் தண்ணீரிடமா பயம்? கண்ணுக்குத் தெரியாத தரையிடம். ஜெர்வினுக்கு இதைச் சொல்லிப் பயனில்லை.

ஜூன் 5

மாதுளையைத் தண்ணீருக்குப் பழக்க வீட்டுக்குப் பின்னால் தொட்டி கட்டப் போகிறேன். குதிரைப் பழக்கம் பற்றிப் படித்ததை வைத்து வரைந்தாயிற்று. பதினைந்தடி நீளம், பன்னிரண்டடி அகலம் — சின்னதாக இருந்தால் தாண்டிக் குதித்துவிடுவாள். நடுவில் அரைச் சாண் ஆழம் போதும். இரு பக்கமும் சரிவு. விளிம்பு துருத்தக்கூடாது. தரை சொரசொரப்பாக.

“குதிரைக்கு ஸ்விம்மிங் பூல் கேக்குதாக்கும்? டவலும் வாங்கி வச்சிரு.”

ஜெர்வினுக்குச் சிரிப்பு. நான் அளவுகளை இன்னொரு முறை சரிபார்த்தேன்.

ஜூன் 11

கொத்தனார் ஆண்டிச்சாமியிடம் மூன்று முறை சொன்னேன்: தரையைத் தேய்க்காதீர்கள். மூன்று முறையும் தலையாட்டினார். வேலை முடிந்து வந்து பார்த்தால் தரை கண்ணாடி. சிமெண்ட் பால் ஊற்றி இழைத்திருக்கிறார்.

“சொரசொரன்னு விட்டா எவன் கட்டுனதுன்னு கேக்க மாட்டாகளா? பாருங்கம்மா, மொகம் தெரியுது.”

“குதிரை என்ன, பவுடர் போடவா வருது?”

முறைத்துவிட்டுப் போனார். நான் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை.

ஜூன் 15, ஞாயிறு

நான் சர்ச்சில் இருந்தபோது ஜெர்வின் தண்ணீர் நிரப்பி அவளை இழுத்து இறக்கியிருக்கிறான். பின்னங்கால்கள் வழுக்கி ஒருபக்கமாக விழுந்திருக்கிறாள். முழங்காலில் தோல் உரிந்து — ஏன் காத்திருக்கவில்லை? தொடாதேன்னு எத்தன தடவ சொன்னேன்?

“பாத்தியா, இது தண்ணிக்கு லாயக்கில்ல. பொன்னுராஜுக்குப் போன் போட்டுட்டேன். இருவத்தொம்பதாந் தேதி வாராரு.”

ஒரே வீட்டில் இருக்கிறோம் என்பதே அருவருப்பாக இருக்கிறது.

ஜூன் 16

உளி, சுத்தியல். வழுக்குத் தரையில் மூன்று சதுர அடி கொத்தினேன். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

ஜூன் 17

காலையில் ஆண்டிச்சாமி வந்து நின்றார். குதிரை விழுந்தது அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது.

“அப்படிப் புடிச்சா கை போயிரும். தள்ளுங்க.”

மாலைவரை கொத்தினார். “நான் போட்ட தரைய நானே கொத்துத நாளும் வந்துட்டே” என்று எனக்குக் கேட்கும்படி திட்டிக்கொண்டே இருந்தார். பிறகு குறுமணல் கலவை பூசி, ஈரத்தில் வாரியலால் பெருக்குவதுபோல் குறுக்கே கோடு இழுத்தார். டீ வைத்தேன். குடிக்கவில்லை.

ஜூன் 28

கலவை இறுகவும் அவள் காயம் ஆறவும் பத்து நாள் ஆயிற்று. முதலில் ஒரு விரல் தண்ணீர்தான், தரை தெரியும்படி. நான் உள்ளே போய்க் குத்துக்கல்லாக நின்றேன். கயிற்றை இழுக்கவில்லை. முக்கால் மணி நேரம். மோந்தாள். ஒரு குளம்பு. பிறகு மற்றவை. சாயங்காலம் அரைச் சாண்.

ஜூன் 29

பொன்னுராஜ் வந்தார். ஜெர்வின் தொட்டிக்கு இழுத்தான். நான்கு காலையும் ஊன்றிவிட்டாள். “பாத்தீகளா?”

“மண்டபத்துல என்னப்பா தண்ணியா ஓடுது? நீ இத எனக்கு எதுக்குக் காட்டுத?”

நான் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். கயிறில்லாமல் பின்னால் வந்தாள். மூன்று முறை.

பொன்னுராஜ் ஜெர்வினிடம் திரும்பினார். “இது ஒந் தங்கச்சி குதிரைப்பா. அவுத்துட்டுப் போனா எங்கிட்ட நிக்காது.” பைக்கைக் கிளப்பிவிட்டார்.

ஜூலை 20

நானும் மாதுளையும் ஓடையைத் தாண்டினோம்.

ஜெர்வினோடு பேச்சில்லை. அவன் மன்னிப்பும் கேட்கவில்லை, கேட்டாலும் என்னிடம் இல்லை. மாலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பேண்டைச் சுருட்டிக்கொண்டு தொட்டி நடுவில் நின்றிருந்தான். கயிறு கரையில் கிடந்தது. மாதுளை எட்டவே நின்றாள். அவள் இறங்கவில்லை. அவன் இழுக்கவுமில்லை.

ஜன்னலைச் சாத்தவில்லை. சத்தம் கேட்டால் உதறுவாள்.