தோசலிப் பாறையில் இல்லாத துக்கம்

கிரிநகரத்தில் கால்வாய் வெட்டும் மகன் நாகிலனுக்குத் தோசலியிலிருந்து தகப்பன் சாமிகன் ஆசி கூறி எழுதுவிப்பது.

நீ உயிரோடு இருப்பதாக மணி வணிகன் வேசமணன் வந்து சொன்னான். போரில் உன்னைக் கட்டி இழுத்துப்போன பிறகு உன்னைப் பற்றி வந்த முதல் சொல் அதுதான். இங்கே ஆற்றில் நல்ல தண்ணீர். செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது.

வேசமணன் இன்னொன்றும் சொன்னான். அதிலிருந்து எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நம் கலிங்கத்தை அழித்ததற்கு அரசர் பியதசி வருந்துகிறாராம். செத்தவர்களையும் பிடிபட்டவர்களையும் நினைத்து நெஞ்சு வேகிறதாம். நீ இருக்கும் ஊர்ப் பாறையில் அப்படி வெட்டியிருக்கிறதாம்.

இங்கேயும் யானை முகம் செதுக்கிய பாறை உண்டு. பூச நாள்தோறும் அதிகாரி அதை வாசிப்பார். எழுத்தறியாதவன் ஆனாலும் எனக்கு முழுதும் மனப்பாடம். உயிர்களைக் கொல்லாதே, பெற்றவர் சொல் கேள், எல்லா மனிதரும் என் பிள்ளைகள், எல்லாம் வருகிறது. நம் போர் மட்டும் வரவில்லை. அடிபட்டவன் வீட்டில் சொல்லாத துக்கத்தை அயலூரில் போய்ச் சொல்வார்களா?

போன பூசத்தன்று, “எல்லாரும் பிள்ளைங்கன்னு சொல்றாரே, எம்புள்ளைய எப்ப அனுப்புவாரு?” என்று கேட்டுவிட்டேன். வேசமணன் சொன்னதையும் சொன்னேன். அதிகாரி, “இங்க இருக்கறதத்தான் பெரியவரே நான் வாசிக்க முடியும்” என்றார். பக்கத்து வீட்டு ரேவதன், “அந்தப் பாறைய வண்டியில ஏத்திக் கொண்டாந்துடு மாமா” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கூட்டம் கலைந்ததும் அதிகாரி என்னைத் தனியே அழைத்து, அந்த வரிகளை எழுதி வாங்கினால் மேலே அனுப்பிப் பார்ப்பதாகச் சொன்னார். இரக்கமா, வேவா, தெரியவில்லை.

தினமும் விடிந்ததும் அரசரைச் சபிப்பேன். இப்போது வாய் வரமாட்டேன் என்கிறது. வருந்துகிறவனைச் சபித்தால் பாவமா? சபிக்காவிட்டால் போரில் செத்த உன் தம்பிக்குத் துரோகமா? பழைய வசவுகளை இதில் சேர்க்கச் சொன்னேன். எழுதுகிற இசிலர், “அத எழுதுனா என் கை மிஞ்சாதுய்யா” என்றுவிட்டார்.

அந்தப் பாறையை வாசிக்கும் நாளில் முன்னால் போய் நில். உங்களை ஊருக்கு விடச் சொல்லும் வரி இருக்கிறதா என்று கேள். இருந்தால் எழுதி வாங்கி வேசமணனிடம் கொடுத்தனுப்பு. இல்லையென்றால் அதையும் மறைக்காதே.

அரசரை வாழ்த்தித்தான் முடிக்க வேண்டும் என்கிறார் இசிலர். நீ வந்து சேர், வாழ்த்துகிறேன். அதுவரை நீ மட்டும் நன்றாயிரு.