என் பக்கத்துக் கறித்துண்டு

அக்கா,

நேற்று கோச்சடையில் உங்கள் பேத்திக்கு நிக்காஹ். பந்தல் முழுக்க நெய்ச்சோற்று மணம். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் அந்தப் பெரிய சகன் தட்டை என் முன்னால் கொண்டுவந்து வைத்ததும், எனக்கு உங்கள் கைதான் ஞாபகம் வந்தது. நீங்கள் மௌத்தாகி மண்ணுக்குள் போன பிறகு நான் உட்கார்ந்த முதல் சகன் அது.

ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள் நாம். அடுப்படியில் சண்டை போட்டே காலத்தை ஓட்டினோம். குழம்பில் உப்பு கூடினாலும் என் தலைதான் உருளும், குறைந்தாலும் என் தலைதான். அதனால் இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டபோது உங்களிடம் மூச்சு விடவில்லை. துணி மாற்றும்போது நீங்களே பார்த்துவிட்டீர்கள். மறுநாள் காலையில் வாசலில் ஜட்கா வண்டி நின்றது.

பெண்கள் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அக்குள் வரை தொட்டுப் பார்த்துவிட்டு, இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்டார். வலிக்கவில்லையே என்றேன். வலிக்காமல் வளர்வதால்தான் பலர் ஏமாந்து போகிறார்கள் என்றார். இது புற்று, வெளியிலிருந்து வந்த கிருமி அல்ல, நம்முடைய சதையே அடங்காமல் வளர்வது, விட்டுவைத்தால் அக்குளுக்குப் போகும், அங்கிருந்து நெஞ்சுக்கும் எலும்புக்கும் போய் வளரும், மார்பை எடுத்துவிட வேண்டும் என்றார். ஒட்டுமா, பிள்ளைகளைத் தூக்கலாமா, ஒரே தட்டில் சாப்பிடலாமா என்று கேள்வியெல்லாம் நீங்கள்தான் கேட்டீர்கள். எல்லாவற்றுக்கும் பதில் வாங்காமல் எழுந்திருக்கவில்லை.

திரும்பும்போது வண்டியில் சொன்னீர்கள்: "ஒன் சதைதானே, ஒன்ன மாதிரியே சொன்ன பேச்சு கேக்காமத் திரியுது."

அந்த நேரத்திலும் எனக்குக் கோபம்தான் வந்தது.

புற்று என்ற சொல் காதில் விழுந்ததும் நம் மாமியார் எனக்கென்று ஒரு பீங்கான் தட்டை ஒதுக்கிவிட்டார். பொல்லாதவர் இல்லை, பயம். பிள்ளைகளை என் மடிக்கு விடவில்லை. அப்போதுதான் ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவு செய்தேன். மூலையில் தனித் தட்டில் தின்று கிடக்கவா கத்திக்கு உடம்பைக் கொடுக்க வேண்டும்?

பிறகு, இறந்துபோன மாமனார் நினைவாகப் பாத்திஹா ஓதிய நாள் வந்தது. உறவுப் பெண்களெல்லாம் சகன்களைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் என் தட்டோடு சுவரோரம் ஒதுங்கினேன். நீங்கள் ஒரு சகனைத் தூக்கி வந்து என் முன்னால் வைத்தீர்கள். என் தட்டுச் சோற்றை அதில் கவிழ்த்துவிட்டு எதிரே உட்கார்ந்தீர்கள். சகனில் அவரவர் முன்னால் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். அடுத்தவர் பக்கம் நீளும் பிள்ளைகளின் கையில் ஒரு அடி போடுகிறவர் நீங்கள். அப்படிப்பட்டவர், கூடமே பார்த்திருக்க, என் பக்கம் கை நீட்டி, நான் கடித்து வைத்திருந்த கறித்துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டீர்கள்.

"டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டேன் மாமி, இது ஒட்டாது. இவ பக்கத்துக் கறிதான் மெத்துன்னு இருக்கு."

மாமி எழுந்து வந்து நம் சகனில் உட்கார்ந்தார். எனக்கோ நல்ல துண்டு போய்விட்டதே என்று ஆத்திரம், அதோடு அழுகையும். அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

ஆபரேஷனில் அக்குள் வரை அறுத்ததால் இடது கை இன்றும் வீங்கிக் கனக்கிறது. அதைச் சாக்காக வைத்து வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறேன் என்பீர்கள். சொல்லிக்கொண்டே என் குடத்தையும் நீங்கள்தான் தூக்குவீர்கள். என் பிள்ளைகள் வளர்ந்து ஆளானதை நான் கண்ணால் பார்த்தேன். அது நீங்கள் கொடுத்தது. உங்களுக்கு நன்றி என்று ஒருநாளும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், அக்கா.

அதற்குப் பிறகு எந்த விருந்திலும் நீங்கள் என் பக்கம் கை நீட்டாமல் இருந்ததில்லை, நானும் திட்டாமல் இருந்ததில்லை. நேற்றும் பழக்க தோஷத்தில் நல்ல துண்டாகப் பார்த்து, என் பக்கத்திலேயே எதிரே இருப்பவர் கைக்கு எட்டும்படி தள்ளி வைத்துவிட்டேன். அங்கே உட்கார்ந்திருந்தது உங்கள் இளைய மகள். ஒழுங்காகத்தான் வளர்த்திருக்கிறீர்கள். கடைசி வரை அவள் கை என் பக்கம் நீளவே இல்லை.