மாப்பிள்ளையும் ஊதாக் கொம்பும்

மங்கலம்,
3-8-2025

என் கண்ணு தேஜஸ்ரீக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும், உன் கடல் தொட்டியில் இருக்கிற கோமாளி மீன்கள் இரண்டும் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

போனில் பேசினால் நீ "சரிங்கப்பா, சரிங்கப்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். எழுத்து கோழி கிளறியது போலத்தான் இருக்கும். பத்தாம் வகுப்பை ஆசைப்பட்டு இரண்டு தடவை படித்தவன் கையெழுத்து இது, பொறுத்துக்கொள்.

பொங்கலுக்கு வந்தபோது நீ வாங்கி வந்து மாட்டிவிட்டுப் போனாயே, தானாகத் தண்ணீர் டெஸ்ட் பண்ணுகிற அந்த வெள்ளைப் பெட்டி, அதற்கு உங்கம்மா "மாப்பிள்ளை" என்று பேர் வைத்துவிட்டாள். வெளிநாட்டிலிருந்து வந்ததாம். கேட்டதை எல்லாம் ஊற்றிக் கொடுக்க வேண்டுமாம். இந்த வீட்டில் நடப்பதை அன்றைக்கே உனக்குச் சொல்லிவிடுகிறதாம். பேர் பொருத்தம்தான்.

ஆனால் மாப்பிள்ளை பொய் சொல்கிறார். தொட்டித் தண்ணீரில் காரம் பதினொன்று என்று உன் போனுக்கு அனுப்புகிறார். நான் பழையபடி சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால் ஏழுதான் வருகிறது. நீ பண்ணை ரசீதோடு வாங்கி வைத்த ஊதாக் கொம்புப் பவளம் வேறு நிறம் போய்ப் பழுப்பாகிக்கொண்டே வருகிறது. சாயப்பட்டறையில் துணிக்குச் சாயம் பிடிக்கவில்லை என்றால் நாங்கள் என்ன செய்வோம்? சோடா கூட்டுவோம். இங்கேயும் அதே சோடாதான், அதே வைத்தியம்தான். தினம் ஒரு கரண்டி கூடுதலாகப் போடுகிறேன். நிறம் ஏறாமல் எங்கே போகும்?

தொட்டியை விலைக்குக் கேட்கிற அந்தக் கோயமுத்தூர்க்காரருக்கே கொடுத்துவிடலாம் என்று அம்மாவிடம் சொன்னாயாம். அந்தப் பேச்சே வேண்டாம். நீ திரும்பி வரும்போது தொட்டி இருந்த இடத்தில் இருக்கும். இது ஒரு டையிங் மாஸ்டரின் வாக்கு.

அன்புடன்,
அப்பா ரத்தினசாமி


கார்க், அயர்லாந்து
10-8-2025

அன்பு அப்பாவுக்கு,

உங்கள் கோழி கிளறலைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். கூடத் தங்கியிருக்கும் பெண் பயந்துவிட்டாள்.

சாப்பாடு நன்றாகவே நடக்கிறது. ஏர்போர்ட்டில் "வெளிநாட்டுக்குப் போற புள்ள இப்படிச் சாம்பல் துணியா போட்டுட்டுப் போவே?" என்று எல்லார் முன்னாலும் திட்டினீர்களே, அந்தச் சுடிதார்கூட இப்போது கொஞ்சம் இறுக்கமாகிவிட்டது.

அப்பா, மாப்பிள்ளை பொய் சொல்லவில்லை. அதைச் சரிபார்க்க, அளவு தெரிந்த தண்ணீர் ஒரு புட்டி வைத்துவிட்டு வந்தேன் அல்லவா? போன வாரம் அம்மாவை அதில் குழாயை வைக்கச் சொன்னேன். எண் சரியாக வந்தது. காரம் எட்டு, ஒன்பது இருந்தால் போதும். அதற்கு மேல் கூடினால் பவளத்தின் நுனி வெந்துபோகும். நீங்கள் பட்டினி என்று நினைத்துச் சோறு போடுகிறீர்கள், அது அஜீரணத்தில் கிடக்கிறது.

சோடாவை நிறுத்துங்கள். சொட்டு மருந்து டெஸ்டை ஒரு முறை அம்மாவைச் செய்யச் சொல்லுங்கள். நுனி வெளுக்க ஆரம்பித்தால் கோயமுத்தூர்க்காரரிடம் கொடுத்துவிடுவேன். அவரிடமாவது அது உயிரோடு இருக்கும்.

உங்கள் மகள்,
தேஜு


மங்கலம்,
24-8-2025

தேஜு கண்ணுக்கு,

உன் உத்தரவுப்படி அம்மா டெஸ்ட் செய்தாள். கேள்.

சின்னக் குப்பியில் தொட்டித் தண்ணீர், அதில் நீலம். சொட்டுச் சொட்டாக விட்டு, நீலம் போய் மஞ்சளாகும் இடத்தில் நிறுத்த வேண்டும். நான் பக்கத்தில் நின்றுகொண்டு, "போதும் ஜெயசுதா, மஞ்சளாயிருச்சு" என்றேன்.

"எங்கீங்க மஞ்சள்? நீலமாத்தானே இருக்குது?"

"நிறுத்துன்னா நிறுத்து."

"நீங்க போயி டீயக் குடிங்க" என்று சொல்லிவிட்டு, மேலும் சொட்டு விட்டாள். பதினொன்றில் போய் நின்றாள். மாமியாரும் மாப்பிள்ளையும் ஒரே கட்சி. நான் என்ன செய்ய? டீயைக் குடித்தேன்.

முப்பது வருஷமாக ஷேடு பார்த்துச் சம்பாதித்தவன் நான். பனியன் துணியில் ஒரு இழை நிறம் மாறினாலும் சொல்லிவிடுகிற கண் இது. இப்போது வீட்டில் மட்டுமல்ல, கம்பெனியிலும் எல்லாருக்கும் என் கண் மேல்தான் கண். போன வாரம் ஒரு நேவி ப்ளூத் துணி லாட்டுக்கு ஓகே சொன்னேன். சாயம் கலக்கிற லேபில் இருக்கிற அன்புசெல்வி, "மாஸ்டருங்க, சாம்பிளைவிட இது கருப்படிக்குதுங்களே" என்றது. "நான் மாஸ்டரா, நீ மாஸ்டரா?" என்று கேட்டுவிட்டேன். லாட் திரும்பி வந்துவிட்டது. லேபில் கலவை தப்பு என்று முதலாளி அந்தப் பெண்ணைப் பிடித்துச் சத்தம் போட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. கலவை தப்பாகத்தான் இருக்க வேண்டும். அது இப்போது என்னோடு பேசுவதில்லை.

தொட்டியின் படம் அனுப்பியிருக்கிறேன். ஊதாக் கொம்பு எப்படிப் பழுப்பாகிக் கிடக்கிறது என்று நீயே பார். சோடாவை நிறுத்த மாட்டேன்.

அப்பா


கார்க்
31-8-2025

அன்பு அப்பா,

படத்தைப் பார்த்தேன். நன்றாகப் பெரிதாக்கியும் பார்த்தேன். இங்கே இருக்கிற பெண்ணிடமும் காட்டிக் கேட்டேன்.

அது பழுப்பாக இல்லை. நுனி மட்டும் வெந்து வெளுத்திருக்கிறது, மற்றதெல்லாம் நல்ல ஊதா.

இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் ஒரு வாரமாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். அம்மாவுக்கு நீலமாகத் தெரிவது உங்களுக்கு மஞ்சளாகத் தெரிகிறது. எனக்கு ஊதாவாகத் தெரிவது உங்களுக்குப் பழுப்பு. அன்புசெல்வி அக்காவுக்குக் கருப்பாகத் தெரிந்தது உங்களுக்கு நேவி. கண்ணில் புரை விழுந்தால் மஞ்சள் கண்ணாடி போட்டது போல இருக்குமாம் அப்பா. மெதுவாக விழுவதால் பார்க்கிறவருக்கே தெரியாதாம்.

கோயமுத்தூர்க்காரரைச் செப்டம்பர் பதினைந்தாம் தேதி வரச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் நீங்கள் கண் ஆஸ்பத்திரிக்குப் போய், அவர்கள் தருகிற சீட்டைப் படம் பிடித்து அனுப்பினால் அவரை வரவேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். பிடிவாதம் உங்களிடமிருந்துதான் எனக்கு வந்தது. இறங்கி வரமாட்டேன்.

தேஜு


மங்கலம்,
6-9-2025

தேஜஸ்ரீக்கு,

கடிதம் கிடைத்தது. தொட்டியை அவரே எடுத்துப் போகட்டும்.

என் கண்ணில் கோளாறு என்றால் அந்த நேவி லாட்டைக் கெடுத்தது யார் என்று யோசித்தாயா? அதற்குப் பிறகு என்னை யார் மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள்? கண்ணை விட்டால் எனக்கு வேறு என்ன படிப்பு இருக்கிறது?

ரத்தினசாமி


மங்கலம்,
5-10-2025

என் சாமி தேஜுவுக்கு,

ஒரு மாதமாக எழுதவில்லை. போனில் நீ கூப்பிட்டபோதெல்லாம் குளியலறைக்குள் ஓடிப் போய் நின்றேன். அம்மா உன்னிடம் என்ன சொன்னாளோ தெரியாது. நடந்ததை நான்தான் சொல்ல வேண்டும்.

உனக்குக் கோபமாக எழுதி அனுப்பிவிட்டேனே தவிர, மனசு ஒப்பவில்லை. எந்த லாட்டையும் நான் வாய்வார்த்தையில் பாஸ் செய்ததில்லை. பெயில் செய்ததும் இல்லை. துண்டு வெட்டி, நிறம் பார்க்கிற லைட் பெட்டிக்குள் வைத்துப் பார்த்துத்தான் சொல்வேன். என் கண்ணை மட்டும் ஏன் வாய்வார்த்தையில் பாஸ் செய்கிறேன்? அதையும் ஒரு லாட்டாக வைத்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அன்புசெல்வியிடம் போய் நின்றேன். "நேவியிலும் கருப்பிலும் துண்டு வெட்டி, கலந்து குடு கண்ணு. பின்னால எதுவும் எழுதாதே" என்றேன். முகத்தைப் பார்க்காமல் வெட்டிக் கொடுத்தது. லைட் பெட்டிக்குள் குனிந்து, நேவி இந்தப் பக்கம், கருப்பு அந்தப் பக்கம் என்று பிரித்து வைத்தேன். கல்யாணத்துக்குச் சீர்த்தட்டு அடுக்கியது போல அழகாகத்தான் அடுக்கியிருந்தேன்.

அது வந்து பார்த்தது. விரலால் தொட்டுத் தொட்டு எண்ணியது.

"எத்தனை தப்பு?" என்றேன்.

"சரியா இருக்கறத எண்றது சுலுவுங்க மாஸ்டர்" என்றது.

சொல்லிவிட்டு அழுதது அந்தப் பெண்தான். நான் அழவில்லை என்று எழுத ஆசை.

அப்படியே முதலாளி அறைக்குப் போனேன். "அந்த நேவி லாட்டு லேபு தப்பு இல்லீங்க, என் கண்ணுத் தப்பு. லேபுக்காரங்களைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலயும் சொல்லீருங்க" என்றேன். அவர் என்னையே சொல்லச் சொன்னார். சொன்னேன். வேலை போகும் என்று நினைத்துத்தான் போனேன். "முதல்ல கண்ணைப் பாருங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு கண்ணிலும் புரையாம். வலது கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள், அதுவும் நீ சொன்ன அதே செப்டம்பர் பதினைந்தாம் தேதி. சீட்டை உனக்கு அனுப்பவில்லை. மகளிடம் தோற்றதற்கு அத்தாட்சி வேறு எதற்கு என்று இருந்துவிட்டேன். அதனால் உன் கோயமுத்தூர்க்காரர் சொன்ன நாளில் வண்டியோடு வந்துவிட்டார். எனக்குத் துணைக்கு என் தங்கச்சியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, உங்கம்மா இதற்காகவே வீட்டில் இருந்திருக்கிறாள். கதவைப் பாதி திறந்து, "எங்க ஊட்டுக்காரர் கண்ணு வாங்கப் போயிருக்கறாருங்க. அவரு வந்து பார்க்கோணும். தொட்டி விக்கறதுக்கில்லீங்க" என்று சொல்லி, மோர் கொடுத்து அனுப்பிவிட்டாளாம். அவரிடம் நீ ஒரு வார்த்தை வருத்தம் சொல்லிவிடு.

கட்டு அவிழ்த்து வந்ததும் நேராகத் தொட்டி முன்னால் உட்கார்ந்தேன். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தால் ஊதா. அடேயப்பா, என்ன ஊதா! வலது கண்ணைப் பொத்தினால் டீத்தண்ணீர். மாற்றி மாற்றிப் பொத்திக்கொண்டே இருந்தேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்று அம்மா நினைத்திருப்பாள். இத்தனை நாளும் நான் டீத்தண்ணீருக்குள் உட்கார்ந்துகொண்டு, நிறம் போகாத ஒன்றுக்கு நிறம் ஏற்றச் சோடா போட்டிருக்கிறேன்.

சோடாவை மாப்பிள்ளை சொல்கிற அளவுக்கு இறக்கிவிட்டேன். நேற்று நானே சொட்டு விட்டுப் பார்த்து, என் கணக்கை முதலில் அம்மாவிடம் சொன்னேன்: எட்டரை. அதற்குப் பிறகுதான் மாப்பிள்ளையைப் பார்த்தோம். அவரும் அதையே சொன்னார். இனி அவர் இந்த வீட்டுப் பிள்ளை. வெந்த நுனிக்குக் கீழே புதிதாக ஒரு மொட்டு கிளம்பியிருக்கிறது. முதலில் கண்டுபிடித்தது நான்தான். இதில் மட்டும் அம்மாவுக்குப் பங்கு கிடையாது.

இடது கண் ஆபரேஷன் கார்த்திகையில். அதுவரை கம்பெனியில் ஷேடு ஓகே செய்வது அன்புசெல்வி. நான் பக்கத்தில் நின்று துண்டு வெட்டிக் கொடுக்கிறேன். அதற்குப் பிறகும் அதுவே பார்க்கட்டும் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன். இன்னும் என்னை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறது.

இன்னொன்று. ஏர்போர்ட்டில் எடுத்த படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, டீத்தண்ணீர்க் கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். உன் சுடிதார் சாம்பல் இல்லை. கத்திரிப்பூ கலர். எனக்குப் பிடிக்கும் என்று நீ அலைந்து தேடி எடுத்ததாம், உங்கம்மா இப்போதுதான் சொல்கிறாள். அன்றைக்கே ஏன் கண்ணு நீ சொல்லவில்லை?

அடுத்த தடவை வரும்போது அதையே போட்டுக்கொண்டு வா. இறுக்கமாக இருந்தால் தையலைப் பிரித்துவிட்டுப் போட்டுக்கொள். ஏர்போர்ட்டில் எல்லார் முன்னாலும் நின்று நான் ஓகே சொல்ல வேண்டும்.

இரண்டு கண்ணோடு காத்திருக்கும்,
உன் அப்பா