படகுத்துறைக்கு இனி யாரும் வரவேண்டியதில்லை

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் நலத்தையும் அறிய விழைகிறேன். நீ நடத்தும் நிறுவனம் அனுப்பிய கணினி விளையாட்டின் புதிய பதிப்பைப் பார்த்தேன். நாம் உருவாக்கிய கற்பனை உலகின் ஒவ்வோர் ஊரிலும் ஒரு மாய வாசல் நிற்கிறது. உள்ளே கால் வைத்தால் அடுத்த கணம் நாட்டின் மறுகோடி. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கல்லூரியில் போக்குவரத்துப் புவியியல் கற்பித்தவன் என்பதால்தானே வரைபடத்தை என்னிடம் ஒப்படைத்தாய்? கழுதை ஒரு பகலில் நடக்கும் தூரத்துக்கு ஒரு சத்திரம் வைத்தேன். சத்திரத்தை ஒட்டி லாடம் அடிப்பவன், அவனை ஒட்டி ஓர் ஊர். பனியில் கணவாய் மூடினால் வடக்கே உப்பு வராது; அதனால்தான் அங்கே உப்பைப் பெட்டியில் பூட்டுகிறார்கள், பெண் கேட்டுப் போகிறவன் உப்போடு போகிறான். வாசல் வந்த பின் இவர்கள் இப்படி வாழக் காரணமே இல்லை. படை ஒரு நொடியில் உள்ளே வருமென்றால் கோட்டைச் சுவர் எதற்கு? இனி வாசலைக் காப்பவனே அரசன். இதையெல்லாம் யோசித்தாயா?

படகுத்துறை ஊரையே காணோம். அங்கே புல் முளைத்திருக்கிறது. படகுக்காரி எங்கே? அவளுக்குக் குரல் கொடுத்தவள் உன் அக்கா. அவள் இறந்து ஓராண்டுகூட ஆகவில்லை.

பதில் எழுது.

அத்தான்

மார்ச் 11

அன்புள்ள அத்தானுக்கு,

நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? அலுவலகத்தில் உங்களுக்கு ‘மைல்கல்’ என்று பெயர். அசையவும் மாட்டீர்கள், தூரத்தைக் குறைக்கவும் விடமாட்டீர்களாம். நடந்து நடந்து சலிக்கிறது என்று ஆடிப் பார்த்தவர்கள் சொன்னார்கள். வாசல் வைத்தது அதற்காக என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன்.

அது சாக்கு. ஆற்றுக்கு ஒரே துறைதான் என்று நீங்கள் வைத்ததால், சோதித்துப் பார்த்த ஒவ்வொருவரும் அக்காவின் படகில்தான் ஏறினார்கள். என் அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நாள் முழுக்க அவள் குரல். “ஏறுறதுன்னா ஏறு. நீ எட்டிப் பாத்துக்கிட்டே நின்னா ஆறு வத்திடாது.” யாராவது சிரிப்பார்கள். நான் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்பேன். ஆற்றை யாருமே கடக்கத் தேவையில்லை என்றாக்கிவிட்டால் போதும் என்று தோன்றியது.

தப்புதான் அத்தான். ஒரு நாள் வீட்டுக்கு வாருங்கள், பேசுவோம்.

உங்கள் தம்பி

மார்ச் 19

மதிப்பிற்குரிய நிறுவன இயக்குநர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. காரணம் புரிகிறது. எனக்கு அழுகை வரவில்லை. அவள் போன நாளிலிருந்தே வருவதில்லை. கடிதத்தை மடித்து வைத்துவிட்டுத் துவைத்த துணியைக் கொடியில் போட்டேன்.

வாசல் வந்த நாட்டில் முதலில் ஒழிவது காத்திருத்தல். படகுக்காகக் கரையில் நிற்கும்போதுதான் முன்பின் தெரியாதவர்கள் பேசிக்கொள்கிறார்கள். ஒரே துறை வைத்தது அதற்காகவே. அவளை அறியாத ஆயிரம் பேர் அவளிடம் திட்டு வாங்கிக்கொண்டு அக்கரை போகவேண்டும் என்பது என் ஆசை. அவள் குரலைத் தங்களால் கேட்க முடியவில்லை. ஆகவே எவரும் கேட்க முடியாதபடி செய்துவிட்டீர்கள்.

தடுப்புக்கு அப்பால் அந்தக் குரல் ஒலித்த ஏதாவதொரு நாளில் என்னைக் கூப்பிட்டிருக்கலாம். வந்து தங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். நானும் அதைக் கேட்டு வெகுநாளாகிறது.

வரைபடங்கள் தங்களிடமே இருக்கட்டும். அவற்றில் என் பெயர் வேண்டாம். அவளுடைய குரல் பதிவை மட்டும் அனுப்பி வையுங்கள். உடன் கடிதம் எதுவும் வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
வரைபடம் வரைந்தவன்