அசையாத நாலாயிரம்

மாவடிப்பள்ளி
2025 செப்டெம்பர் 8

அன்புள்ள றிஷாட் நானாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

கை வழங்காமல் இருந்த உம்மா இப்போது தானே கரண்டி பிடித்துச் சாப்பிடுகிறார்.

நான் பழக நீங்கள் அனுப்பிய புரோகிராமில், உங்கள் அறிக்கைக்காக நாங்கள் நம் வயல்களில் அளந்து தந்த கணக்கையே போட்டுப் பார்த்தேன். உப்பு கூடினால் விளைச்சல் எவ்வளவு குறையும் என்ற இடத்தில் பூச்சியம் வருகிறது. உப்பைக் கொஞ்சம் அசைத்து, விளைச்சல் எவ்வளவு அசைகிறது என்றுதானே அது பார்க்கிறது? அந்த அசைவைப் புள்ளிக்குப் பின் பதின்மூன்றாம் இடத்தில் வைத்திருக்கிறீர்கள். வாப்பாவின் வயலில் உப்பு, மீற்றர் காட்டியபடி நாலாயிரம். இரண்டையும் கூட்டினேன், நாலாயிரமே வந்தது. கொம்பியூட்டர் அந்த அசைவை விழுங்கிவிடுகிறது. அசைவை ஐந்நூறு என்று பெரிதாக வைத்தால், விளைச்சல் கோடு வளையும் இடத்தையே தாண்டிப் போய்ப் பிழைக்கிறது. எண்ணின் பருமனுக்கு ஏற்றபடி புள்ளி பூச்சியம் இரண்டு வைத்தேன். உப்பு ஆயிரம் கூடினால் ஏக்கருக்கு நாலு மூடை குறைகிறது.

பத்தாம் வகுப்போடு நின்றவள், பிழை விட்டிருக்கலாம். ஆனால் உப்புத்தண்ணீரை மறிக்கக் கட்டு வேண்டுமா என்று உங்கள் அறிக்கையை வைத்துத்தான் விவசாயிகள் கூட்டத்தில் முடிவாம்.

தங்கச்சி றிபா

மெல்பேர்ன்
செப்டெம்பர் 11

அன்புத் தங்கச்சி, வஅலைக்கும் ஸலாம்.

நீ சொன்னது சரி. அசைவு சிறுக்கச் சிறுக்க விடை நுணுக்கமாக வரும் என்று நினைத்துவிட்டேன். அறிக்கை போன மாதமே போய்விட்டது. இப்போது பிழை என்றால் என் படிப்பே போய்விடும். அடுத்த வருடம் திருத்துவோம். வாப்பாவிடம் வாய் திறக்காதே.

நானா

மாவடிப்பள்ளி
செப்டெம்பர் 25

நானா,

நேற்றுக் கூட்டம். பெண்கள் பக்கம் கடைசியில் இருந்தேன். உங்கள் அறிக்கையை எடுத்து, உப்பால் விளைச்சல் குறையவில்லை, கட்டுத் தேவையில்லை என்று வாசித்தார்கள். வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையார் எழும்பி, "அப்ப எங்கட வயல் சும்மாவா வெள்ளையாக் கிடக்கு? அந்த மெசின ஒரு வாய் தண்ணி குடிச்சிப் பாக்கச் சொல்லுங்க!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

வாப்பா சிரிக்கவில்லை. "என்ட மகன்ட கணக்குப் பிழைக்காது. நான்தான் பசளைய ஒழுங்காப் போடல்ல" என்றார். மூன்று வருடமாக உப்பு, உப்பு என்று கத்திய வாப்பா.

சரியான விடை எழுதிய கடதாசி என் கையில் இருந்தது. அதை நாலாக மடித்தேன்.

விதைப்புக்கு முன் நீங்களே வாப்பாவிடம் சொல்லுங்கள். நான் சொன்னால் நம்பமாட்டார்.

றிபா

மாவடிப்பள்ளி
ஒக்டோபர் 19

நானா,

உங்கள் பதில் இல்லை. நேற்று விதைத்தாயிற்று. வாப்பா இம்முறை யூரியாப் பசளை இரண்டு மடங்கு வாங்கி வந்தார். மூடைகளை இறக்க நானும் ஒரு பக்கம் பிடித்தேன்.

றிபா