ஐந்து காயமும் ஒரு முதுகுப்பையும்

பிப்ரவரி 8, 2025 – சனி

லிபின் தான் எடுக்கப்போகும் படத்தின் கதையை இன்று முழுதாகச் சொன்னான். நான்கு சிநேகிதர்கள், ஆளுக்கொரு முதுகுப்பை, ஐரோப்பாவில் ஏதோ ஒரு மலையூர், மலிவான விடுதி. விடுதிக்காரன் ஒவ்வொருவராக அறுக்கிறான். அவ்வளவுதான் படம்.

"கதை கம்மி, ரத்தம் ஜாஸ்தி. அதான் ஒன்னாண்ட வந்துகீறேன்" என்றான்.

சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறான். அம்பத்தூரில் என்னைவிட நன்றாக ரத்தம் பண்ணுகிறவர் யார், சொல்லட்டும்? எங்கள் கோயிலில் பெரிய வெள்ளியன்று போடும் பாடுகளின் நாடகத்தில் இயேசுவாக வரும் கிறிஸ்துராஜ் அண்ணனுக்கு, நான் கல்லூரியில் படித்த நாளிலிருந்து காயம் போடுவது நான்தான். முள்முடி, ஆணி, விலா எல்லாம் எனக்கு அத்துப்படி. போன வருடம் முன்வரிசையில் ஒரு அம்மா மயங்கியே விழுந்தார்.

முதலில் கொஞ்சம் எடுத்து தயாரிப்பாளர் ஜெகதீஷ் சாரிடம் காட்ட வேண்டுமாம். அவருக்குப் பிடித்தால் பணம் போட்டு முழுப்படமாக்குவார். மேக்கப் என் பெயரில் வரும். ஆபீஸில் உட்கார்ந்து ஊர் உலகத்துப் புகாருக்கெல்லாம் பதில் அடிக்கும் வேலைக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிடுவேன்.

பிப்ரவரி 15

வெள்ளானூரில் பாதி கட்டி நிற்கும் ஒரு வில்லா கிடைத்திருக்கிறது. ஐரோப்பா மாதிரி இல்லை. கேமராவைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்தால் இருக்கும் என்கிறான் லிபின்.

பிப்ரவரி 23 – ஞாயிறு

முதல் நாள் ஷூட்டிங். முதல் சாவு சபீனாவுக்கு. ஆபீஸில் என் பக்கத்து சீட்டுக்காரி; நடிக்கிறாயா என்றதும் யோசிக்காமல் வந்துவிட்டாள். கொளுத்துகிற வெயிலில் ஸ்வெட்டர், மஃப்ளர், சுற்றிலும் தெர்மாகோல் பனி.

சர்க்கரைப் பாகு, சோள மாவு, சிவப்புக் கலர், கறுப்படிக்கக் கொஞ்சம் காபி டிகாஷன். என் பழைய கலவைதான். அழகாக ஊற்றிப் படுக்க வைத்தேன். பாதி ஷாட்டில் பிணம் துள்ளி எழுந்து ஓடியது. எறும்பு! கிறிஸ்துராஜ் அண்ணனைச் சிலுவையில் உயரத்தில் கட்டியிருப்போம், எறும்பு ஏறுவதற்குள் இறக்கிவிடுவோம். தரையில் கிடக்கிறவர்களுக்கு இந்த வசதி இல்லை. அடுத்த முறை எறும்புப் பொடியால் சுற்றிலும் கோடு போட வேண்டும்.

மற்றபடி காயம் பிரமாதம். எனக்கே கண் கலங்கிவிட்டது.

மார்ச் 1

கண் கலங்கினால் போதாது போலிருக்கிறது.

மேனாம்பேட்டில் லிபின் வீட்டு டிவியில் எல்லோரும் போட்டுப் பார்த்தோம். சபீனா கையை விரித்துக் கிடக்கிறாள். உள்ளங்கை இரண்டிலும் காயம், பாதம் இரண்டிலும் காயம், விலாவில் ஒன்று. நெற்றியிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. தண்ணீர் கொண்டுவந்த லிபின் அம்மா டிவி முன்னால் அப்படியே நின்று, சொம்பைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை அடையாளம் போட்டார்.

சபீனா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னாடி ஜெனி, என்னக் கொல்றாங்களா, கும்புட்றாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். லிபின் சிரிக்கவில்லை. வெளியே வந்து, "தப்பா நெனைக்காத. வடபழனில மேக்கப் போட்ற அண்ணாத்தே ஒர்த்தர் கீறாரு, அவராண்ட பேசட்டா?" என்றான்.

பேசுவானாம்! எனக்குக் கொஞ்சம் நாள் கொடு என்றேன். கொடுத்திருக்கிறான். அவமானமாக இருக்கிறது. இயேசுவின் ஐந்து காயத்தையும் மறந்து எப்படி ஒரு ஆளைக் கொல்வது?

மார்ச் 5 – சாம்பல் புதன்

நெற்றியில் கோயிலில் பூசிவிட்ட சாம்பலோடு அடுப்படியில் பாகு கிண்டிக்கொண்டிருந்தேன். அப்பா எட்டிப் பார்த்தார். கோயில் நாடகத்துக்கு இயக்குநர் அவர்தான். மேடையில் கத்திப் பழகிய குரல்.

"தவக்காலத்துல கறியே ஆவாதுன்னு கீறோம். நீ ஊட்ல ரத்தம் காச்சிகினு கீறியா?"

"சக்கரைப் பாகுப்பா" என்றேன். விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார். உடனே உபவாசம் ஞாபகம் வந்து போய் வாய் கொப்பளித்தார்.

மார்ச் 8

கிடைத்துவிட்டது!

தெர்மாகோல் அறுக்கும்போது லிபின் கையில் கட்டர் இறங்கிவிட்டது. கத்தவில்லை. கையை அக்குளுக்குள் சொருகிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றான். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்கிறான். காட்டுடா என்றால் காட்ட மாட்டேன் என்கிறான். முழங்கை வழியாக ஒரே ஒரு கோடு இறங்கியது. காயத்தை நான் பார்க்கவே இல்லை, ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அடி வாங்கியவன் காட்டுவானா, மறைப்பானா? நான் இத்தனை வருடம் போட்டதெல்லாம் கடைசி வரிசை வரைக்கும் காட்டுவதற்கான காயம். நம்மைப் பார்த்து மனம் உருகச் சொல்கிற காயம். அந்த மலையூரில் மாட்டிக்கொண்ட பெண் அதையா செய்வாள்? மூடிக்கொள்ளத்தானே பார்ப்பாள்?

(லிபினுக்கு மூன்று தையல். பாவம். சந்தோஷத்தில் வலிக்கிறதா என்று கேட்கவே மறந்துவிட்டேன்.)

மார்ச் 16 – ஞாயிறு

சபீனாவின் சாவை மறுபடி எடுத்தோம். உடம்பில் ஒரு காயம்கூடப் போடவில்லை. விடுதிக்காரன் குத்திய வயிற்றோடு முதுகுப்பையைக் கட்டிக்கொண்டு நடந்து வருகிறாள். சிநேகிதன் என்ன என்று கேட்கிறான். "ஒண்ணுமில்ல, வா, பஸ் போய்டும்" என்கிறாள். பையின் அடியிலிருந்து சொட்டுகிறது. அவளே பார்த்துவிட்டு, பையை இன்னும் இறுக்கிக்கொள்கிறாள்.

லிபின் கட் சொல்ல மறந்துவிட்டான்.

வடபழனி அண்ணாத்தே பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

ஏப்ரல் 12

ஜெகதீஷ் சார் டீ குடித்துக்கொண்டே பார்த்தார். பை வந்ததும் டம்ளரைக் கீழே வைத்தார். முடிந்ததும் முதலில் கேட்டது, "ரத்தம் போட்ட பொண்ணு யாரு?"

நான்தான். வேறு யார்!

முழுப்படம் எடுக்கிறோம். மேக்கப்: ஜெனிஷா.

ஏப்ரல் 18 – பெரிய வெள்ளி

கிறிஸ்துராஜ் அண்ணனிடம் மட்டும் சொல்லிவைத்திருந்தேன். முகத்தில் ரத்தம் வேண்டாம் அண்ணா, சிலுவையோடு முதல் தடவை விழும்போது தோளில் கிடக்கும் துணியை இழுத்து மூடிக்கொள்ளுங்கள், யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதுபோல. கலவையைத் துணியின் உள்பக்கம் ஊற்றியிருந்தேன்.

விழுந்தார். மூடிக்கொண்டார். துணி மெதுவாக நனைந்தது.

வழக்கமாக அந்த இடத்தில் "ஆண்டவரே" என்று கூட்டமே கதறும். இன்று சத்தமே இல்லை. முன்வரிசையில் பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பெண்கள் எழுந்து போய்விட்டார்கள். மைக்கில் வசனம் படித்துக்கொண்டிருந்த அப்பா ஒரு வரியைத் தவறவிட்டார்.

முடிந்ததும் என்னிடம் வந்தார். கோபமா என்று தெரியவில்லை.

"பாக்க முடியலம்மா. அடுத்த வருசம் பழையபடியே போட்டுடு."

"பாக்க முடியாமத்தானப்பா இயேசுவோட சீடருங்களும் ஓடிப்போனாங்க" என்றேன்.

அப்பா மைக் ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றார். பிறகு, "சீடரு பேதுருவா வர்ற பையன் சும்மா நின்னுகினு இருந்தான் பாரு, அடுத்த வருசம் அவன ஓடச் சொல்லணும்" என்றார்.